கொட்டோடு வரும் சாவு: காரைக்குடிக் காதில் 'தி பிளாக் பரேட்'

மை கெமிக்கல் ரொமான்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'தி பிளாக் பரேட்' ஆல்பம் 2006 அக்டோபரில் வெளிவந்தது. பதினான்கு டிராக், மொத்தம் 52 நிமிடம். அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே ஏறத்தாழ 2,40,000 பிரதி விற்று, பில்போர்டு ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடத்தில் ஏறியது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பையன்களிடமும் பெண்களிடமும் அது வந்து சேர்ந்த வழி வேறு. 2005-இல் இந்தியாவுக்கு வந்த வி.ஹெச்.1 சேனலில் ஒரு பாட்டைப் பார்ப்பது, பிரவுசிங் சென்டரில் அதைத் தேடி இறக்குவது, போன் மெமரி கார்டில் ஏற்றிக்கொள்வது. 128 கே.பி.பி.எஸ். எம்பி3-ஆக முழு ஆல்பமும் சுமார் 50 எம்.பி.தான். ஆனால் முழு ஆல்பமாக அது கைக்கு வந்தது அபூர்வம். நாலு பாட்டு வரும், வரிசை மாறி வரும், பேர் தப்பாக வரும்.

அப்படிக் கேட்டவர்களுக்கு அது கோபத்தின் ஆல்பம். இருபது வயதுக்குள் இருப்பவருக்கு உலகத்தின் மேல் இருக்கும் எரிச்சலைக் கத்திச் சொல்ல ஒருவன் கிடைத்தான், அவ்வளவுதான். வரிசை குலையாமல், வரி புரிந்து, முப்பது முப்பத்தைந்து வயதில் மறுபடி கேட்கும்போதுதான் இது ஒரு சாவு ஊர்வலம் என்பது தெரிகிறது. சாவைக் கொட்டு முழக்கத்தோடு கொண்டுபோகும் ஊரில் உட்கார்ந்து கேட்பவருக்கு அந்த ஊர்வலம் பெரிய அதிசயமும் இல்லை. உறுத்துவது வேறொன்று: இவ்வளவு பெரிய ஊர்வலத்தில் உறவுக்காரர் ஒருவரும் காணோம்.

கதை சுருக்கமானது. 'நோயாளி' என்று மட்டுமே அழைக்கப்படும் ஒருவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் புற்றுநோயால் செத்துக்கொண்டிருக்கிறான். மரணம் எந்த வடிவில் வரும்? ஒருவனுக்கு வாழ்க்கையில் மிகப் பிடித்த நினைவு எதுவோ அந்த வடிவில் வரும் என்பது பாடகர் ஜெரார்ட் வேயின் கற்பனை. நோயாளியின் நினைவு, சிறுவயதில் அப்பா நகரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டிய பேண்டு வாத்திய அணிவகுப்பு. ஆகவே சாவு அவனிடம் கறுப்புச் சீருடை போட்ட பேண்டு செட்டாக வருகிறது. அட்டைப்படத்தில் அந்த அணிக்கு முன்னால் நடப்பது ஒரு எலும்புக்கூடு.

இதை நேர்க்கோட்டுக் கதையாக எடுத்துக்கொள்வதுதான் மறுகேட்பில் முதலில் நேரும் தவறு. முதல் டிராக் 'தி எண்ட்'டில் ஆஸ்பத்திரி மானிட்டரின் பீப் ஒலி கேட்கிறது. இரண்டாவது டிராக்கின் பேரே 'டெட்'. ஆள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டான். பிறகு வருவது எல்லாம் திரும்பிப் பார்ப்பது: செய்த தப்பு, விட்டுப்போன காதல், குடி, போர், பயம். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று அட்டவணை போட முயன்றால் எட்டாவது டிராக்கில் சிக்கும். 'கேன்சர்' பாட்டில் அவன் இன்னும் உயிரோடு படுத்திருக்கிறான். குழு இந்த முடிச்சை இறுக்கிக் கட்டவே இல்லை. பாட்டுக்குப் பாட்டு மனநிலை மாறுகிறது என்று எடுத்துக்கொள்வதே சரி. ஒப்பாரியும் அப்படித்தானே நடக்கும்? செத்தவர் பிறந்தது, கட்டிக்கொடுத்தது, நேற்று சாப்பிட்டது என்று முன்னும் பின்னுமாகப் போகும். யாரும் தேதி கேட்பதில்லை.

தயாரிப்பாளர் ராப் கவல்லோ. கிரீன் டே குழுவின் 'அமெரிக்கன் இடியட்' ஆல்பத்தில் வேலை செய்தவர். மிக்ஸிங் கிறிஸ் லார்ட்-ஆல்ஜ். லீட் கிட்டார் ரே டோரோ, ரிதம் ஃபிராங்க் ஐயீரோ, பாஸ் பாடகரின் தம்பி மைக்கி வே, டிரம்ஸ் பாப் பிரையர். எமோ, அதாவது உணர்ச்சியைக் கொட்டிப் பாடும் பங்க் வகை, என்ற முத்திரையை ஜெரார்ட் வே வெளிப்படையாகவே மறுத்தவர். ஆல்பத்தைக் கேட்டால் அந்த மறுப்பில் நியாயம் இருப்பது தெரியும். குவீன் குழுவின் பாணியில் அடுக்கடுக்காக ஏறும் கிட்டார், பிங்க் ஃபிளாய்ட் பாணி முழுநீளக் கதை, நாடகக் கொட்டகைப் பியானோ, நடுவில் பங்க் வேகம் என்று பல சரக்கு இருக்கிறது. ஆனாலும் அந்த வயதில் எல்லோரும் எமோ என்றுதான் சொன்னோம். இப்போதும் அப்படியே சொல்லிவிட்டுப் போகலாம், யாருக்கும் நட்டமில்லை.

ஐந்தாவது டிராக் 'வெல்கம் டு தி பிளாக் பரேட்' 5 நிமிடம் 11 விநாடி. தனிப் பியானோவில் ஒரே ஒரு சுரத்தோடு ஆரம்பம். அது ஜி, நம் கணக்கில் 5 கட்டை. உலகமெங்கும் அந்த ஒரு சுரத்தைக் கேட்டே பாட்டைச் சொல்லும் ரசிகர்கள் இருக்கிறார்கள். 2016-இல் அந்தச் சுரத்தோடு ஒரு சிறு வீடியோவைக் குழு வெளியிட்டதும் மறுபடி ஒன்றுசேர்கிறார்கள் என்று புரளி கிளம்பியது. வந்ததென்னவோ பத்தாம் ஆண்டுப் பதிப்புதான். ராக அமைப்பில் சங்கராபரணத்தின் சுரங்கள். அடிச்சுரம் படிப்படியாக இறங்க, பியானோ மேலே நிற்க, பிறகு அணிவகுப்பு டிரம்மின் உருட்டு சேர்கிறது. கிட்டார்கள் வந்து நிறைக்கின்றன. ஒன்றரை நிமிடம் தாண்டியதும் வேகம் சட்டென்று ஏறுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதில்லை, வெட்டி ஏறுகிறது. கடைசிப் பல்லவிக்கு ஆதார சுருதியே 5 கட்டையிலிருந்து 6 கட்டைக்கு மாறிவிடும்.

காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரி விழா மேடைகளில் இதை வாசிக்க முயல்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான். வேகம் மாறும் இடத்தில் டிரம்மர் மெதுவாக முடுக்கினால் பாட்டு வழுக்கிப்போகும். பழைய வேகத்தை நிறுத்தி, புது வேகத்தில் நாலு எண்ணி இறங்க வேண்டும். இரண்டாவது சுருதி மாற்றம். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை +2 அழுத்தி ஏமாற்றலாம், ஆனால் கிட்டார்காரர் கோர்டுகளை ஏ-க்கு மாற்றிப் பிடித்தே ஆக வேண்டும். அவருக்குச் சொல்லாமல் கீபோர்டு மட்டும் ஏறினால் பத்து விநாடிக்கு இரண்டு சுருதி மோதும். பெரும்பாலான ஆண் குரலுக்கு 5 கட்டைப் பல்லவியே எட்டாது என்பது இன்னொரு சிக்கல். மூன்று அரைச்சுரம் இறக்கி 3 கட்டையில் ஆரம்பித்தால் கடைசிப் பல்லவி 4½ கட்டையில் நிற்கும், பெரும்பாலோர் தாங்கலாம். கிட்டாரைத் தளர்த்தி அந்த மூன்று அரைச்சுரத்தை இறக்க வேண்டாம். கம்பி தொளதொளத்து, வேகமான பகுதியில் சுருதி நிற்காது. கோர்டை மாற்றிப் பிடிப்பதே நல்லது.

இந்த ஒரு பாட்டே ஆல்பத்தின் உச்சம் என்று பதின்ம வயதில் எல்லோரும் சொல்வார்கள். பிரிட்டனில் 2006 அக்டோபரில் முதலிடத்தில் இருந்தது, அமெரிக்க ஹாட் 100-இல் ஒன்பதாம் இடம் வரை போனது. வீடியோவை இயக்கியவர் சாமுவேல் பேயர், சீருடைகளை வடிவமைத்தவர் கோலின் ஆட்வுட். பகட்டுக்குக் குறையில்லை. ஆனால் வயது ஏறக் கேட்டால் கனம் இங்கே இல்லை, மூன்று பாட்டு தள்ளி 'கேன்சர்' டிராக்கில் இருக்கிறது.

'கேன்சர்' 2 நிமிடம் 22 விநாடி. பியானோவும் அடங்கிய தாளமும் அடுக்குக் குரலும். அதில் நடப்பது இதுதான்: நோயாளிக்கு உதடு காய்ந்திருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் கேட்கிறான். ஒரு அத்தையைக் கூப்பிடச் சொல்கிறான். தன் சாமான்களை எடுத்து வைக்கச் சொல்கிறான், தனக்குப் பிடித்த நிறங்களில் புதைக்க வேண்டும் என்கிறான். சிகிச்சையில் முடி போய்விட்டது, அந்தக் கோலத்தில் யாரும் பார்க்க வேண்டாம் என்கிறான். உவமையில்லை, சத்தமில்லை. சாகும் வாய்க்குப் பால் ஊற்றும் வழக்கத்தில் வளர்ந்த ஒருவர் இந்தத் தண்ணீர் கேட்கும் வரியைச் சாதாரணமாகத் தாண்ட முடியாது. நம் பக்கத்தில் அந்த நேரத்தில் கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேராவது நிற்பார்கள். யார் முதலில் ஊற்றுவது, யார் இன்னும் வந்து சேரவில்லை, மதுரையைத் தாண்டிவிட்டார்களா என்று போன் பறக்கும். இங்கே தண்ணீர் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்பதே தெரியவில்லை. கூப்பிடச் சொன்ன அத்தை வந்தாளா என்பதற்கும் பாட்டில் விடை கிடையாது.

கேதம் விழுந்த வீட்டின் வேலைப் பிரிவினையை நினைத்துப் பார்த்தால் இந்த வெறுமை இன்னும் துலங்கும். சங்கூதிச் சேகண்டி அடித்துச் சொல்ல ஆள், பறைக்கு ஆள், ஒப்பாரிக்குப் பெண்கள், கோடி போட உறவுமுறை, வாய்க்கரிசிக்கு வரிசை, நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரன் பேத்தி. நிறைந்த வயதில் போனவர் என்றால் கல்யாணச் சாவு. வேட்டும் ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். மேலைநாட்டு விமர்சகர்களில் பலர் சாவைக் கொண்டாட்டமாக்கிய துணிச்சல் என்று ஆல்பத்தைப் பாராட்டினார்கள். கொட்டு இல்லாமல் பாடை நகராத ஊரில் அது துணிச்சல் கணக்கில் வராது. இங்கே கொட்டு ஊரும் உறவும் சேர்ந்து கொடுப்பது. ஆல்பத்தில் செத்தவனின் மூளையே தனக்குத் தானே கொட்டடித்துக்கொள்கிறது. ஊர்வலத்தில் அவனைத் தவிர யாருமே நிஜமில்லை. அப்பா நினைவில் வருகிறார், அத்தையும் உடன்பிறந்தவர்களும் பேரளவில் வருகிறார்கள்.

சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் 'பாதகாணிக்கை' (1962) படத்துக்கு எழுதிய சாவுப் பாட்டு ஒன்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். உறவு எதுவரை, மனைவி எதுவரை, பிள்ளை எதுவரை என்று இடம் வகுத்து, கடைசிவரை யார் என்று கேட்கும் பாட்டு. அதன் வேர் பட்டினத்தாரிடம் இருக்கிறது. செல்வம் வீட்டோடு, மாதர் வீதியோடு, பிள்ளைகள் சுடுகாட்டோடு என்று அவர் கணக்குப் போட்டுவிட்டார். அந்த மரபில் துணை ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில்தான் ஆள் தனியாகிறான். 'தி பிளாக் பரேட்' நோயாளி ஆரம்பத்திலேயே தனி. அவனுக்குக் கழற்றிவிட எதுவுமில்லை. அதனால்தான் பேண்டு செட்டு அவனுக்கு அவ்வளவு சத்தமாகத் தேவைப்படுகிறது என்று படுகிறது.

ஒன்பதாவது டிராக் போர்க்களத்துச் சிப்பாய் அம்மாவுக்கு எழுதும் கடிதம் போன்றது, 4 நிமிடம் 39 விநாடி. கதைக்குள் 'போர்த்தாய்' என்ற உருவத்தோடு சேர்ந்தது. அந்த அம்மாவின் குரலாக வருபவர் ஹாலிவுட்டின் மூத்த நடிகை லைசா மினெல்லி. துள்ளல் தாளம், அதற்கு மேல் அழுகை. நையாண்டி மேளத்தின் கும்மாளத்துக்கு நடுவே சாவைப் பாடிப் பழகிய காதுக்கு இந்தச் சேர்க்கை புதிதல்ல, பதினாறு வயதில் தாண்டிப்போயிருந்தால் இப்போது நின்று கேட்க வேண்டிய பாட்டு.

பத்தாவது 'ஸ்லீப்' முகப்பில் டேப்பில் பதிந்த பேச்சு ஒன்று கேட்கும். குழு லாஸ் ஏஞ்சலீஸில் பாராமோர் என்ற பழைய மாளிகையில் தங்கிப் பாட்டு எழுதியபோது, இரவில் வந்த பயங்கரக் கனவுகளை ஜெரார்ட் வே பதிவு செய்து வைத்தார். அவைதான் இவை. அந்த வீட்டில் மைக்கி வேயின் மனச்சோர்வு முற்றி, அவர் கொஞ்ச நாள் குழுவை விட்டு வெளியே போய்த் தங்க வேண்டியிருந்தது. பதிமூன்றாவது 'ஃபேமஸ் லாஸ்ட் வேர்ட்ஸ்' அந்தச் சமயத்தில் பிறந்தது. ஆளில்லாத பெரிய வீடு மனசை என்ன செய்யும் என்பதைச் செட்டிநாட்டில் விளக்க வேண்டியதில்லை. முகப்பு முதல் அடுப்படிக்கட்டு வரை ஒற்றை ஆச்சி மட்டும் விளக்குப் போட்டுத் திரியும் வீடுகள் பள்ளத்தூரிலும் கானாடுகாத்தானிலும் எத்தனையோ.

'டீனேஜர்ஸ்' கதையோடு ஒட்டாது. நியூயார்க் சுரங்க ரயிலில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டபோது ஜெரார்ட் வேக்கு வந்த பயத்தில் பிறந்த பாட்டு. பதின்ம வயதில் இதைத் தங்கள் கீதம் என்று நினைத்துப் பாடியவர்கள், இது தங்களைக் கண்டு பயந்தவன் பாடியது என்பதை இப்போது ரசிக்கலாம். 'ஐ டோன்ட் லவ் யூ', 'ஹவுஸ் ஆஃப் உல்வ்ஸ்' இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

2008-இல் பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்று எமோவைச் சாவு வழிபாடு என்கிற மாதிரி எழுத, அந்த ஆண்டு மே மாதம் ரசிகர்கள் லண்டனில் அதன் அலுவலகத்துக்கு எதிரே கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆல்பத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. உறையில் பேர் போட்ட கடைசிப் பாட்டு, உயிரோடு தொடர்வதற்குப் பயமில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லி முடிகிறது. முழுசாகக் கேட்காமல் நாலு பாட்டை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் அந்த இடத்துக்கு வந்து சேர முடியாது.

ஆகவே முழுசாகக் கேட்பதற்குச் சில ஏற்பாடு வேண்டும். ஆப்பில் ஷஃபிளையும் கிராஸ்ஃபேடையும் அணைக்க வேண்டும். 'தி எண்ட்' முடிவும் 'டெட்' தொடக்கமும் ஒட்டியே இருப்பவை. கிராஸ்ஃபேட் 5 விநாடி வைத்திருந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். பழைய எம்பி3 கோப்புகளில் நேர் எதிரான கோளாறு: இடையில் ஒரு சின்ன வெட்டு விழும். எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட சட்டங்களாக, அதாவது ஒவ்வொன்றும் சுமார் 26 மில்லிவிநாடியாக, நறுக்குகிறது. பாட்டு சட்டத்தின் நடுவில் முடிந்தால் மிச்சத்தை மௌனத்தால் நிரப்பும். பிளேயரில் கேப்லெஸ் வசதி (பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் ஓட்டுவது) இருந்தால் பெரும்பாலும் சரியாகும், இல்லாவிட்டால் கோப்பையே மாற்ற வேண்டும். 128 கே.பி.பி.எஸ். கோப்பில் சிம்பல் ஒலி சலசலவென்று நீர் கொட்டுவது போல் கரைவதையும் கவனிக்கலாம். 320-க்கு மாறினால் கோப்புகள் 125 எம்.பி. அளவுக்கு வரும், சலசலப்புப் போய்விடும்.

ஒலிச் சமன் செய்வது இன்னொரு பொறி. ஸ்பாட்டிஃபையில் ஆல்பமாகப் போட்டால் மொத்த ஆல்பத்துக்கும் ஒரே அளவில் ஏற்றி இறக்கும், மெதுவான பாட்டு மெதுவாகவே இருக்கும். பிளேலிஸ்ட்டில் தனித்தனியாகப் போட்டால் ஒவ்வொன்றும் தனியாகச் சரிக்கட்டப்படும். 'கேன்சர்' அதற்கு அடுத்த பாட்டின் சத்தத்துக்கு ஏறி நிற்கும், அதன் அடக்கம் செத்துவிடும். ஆகவே ஆல்பப் பக்கத்திலிருந்தே ஓட்டவும்.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அணிவகுப்பின் பெரிய டிரம்மும் பாஸும் அதில் வரவே வராது, மிஞ்சுவது குரலும் இரைச்சலும்தான். நல்ல ஒயர் ஹெட்போன் போதும்.

ஸ்பீக்கரில் போடுவதானால் வளவில், அதாவது செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றக் கட்டில், போடாதீர்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றிய சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, வழவழப்பான தூண் எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். எதிர்ச் சுவர் 10 மீட்டரில் இருந்தால் போய்வர 58 மில்லிவிநாடி. டிரம் அடி இரட்டையாகக் கேட்க அதுவே போதும். 'டெட்' போன்ற வேகப் பாட்டு குழம்பிக் கூழாகிவிடும். 'கேன்சர்' பியானோவுக்கு மட்டும் அந்த எதிரொலி அழகு சேர்க்கும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வளவை ஒட்டிய சிறு அறை நல்லது. தரையில் ஜமுக்காளம் இரண்டு மடிப்பு, எதிர்ச்சுவரில் நிமிர்த்திச் சாய்த்த இலவம்பஞ்சு மெத்தை ஒன்று, கதவைத் திரைத்துணியால் மூடினால் சரி. ஸ்பீக்கர் இரண்டும் சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி, ஒன்றுக்கொன்று 2 மீட்டர் இடைவெளியில், கேட்பவரும் அதே 2 மீட்டர் தூரத்தில். ஸ்பீக்கரின் மேல்பகுதி உட்கார்ந்தவர் காது மட்டத்துக்கு வர வேண்டும். மூலையில் தள்ளி வைத்தால் பாஸ் வீங்கி, அணிவகுப்பு டிரம் ஒரே உறுமலாகப் போகும்.

முதல் தடவை வரி பார்க்காமல் 52 நிமிடமும் ஒரே மூச்சில். இரண்டாம் தடவை வரியோடு, ஆனால் 2, 8, 9, 13 ஆகிய நாலை மட்டும் நிறுத்தி நிறுத்தி. எல்லாவற்றுக்கும் வரி படிக்க உட்கார்ந்தால் இசை காதில் ஏறாது. 13-ஆவது முடிந்ததும் கையை எடுத்து நிறுத்திவிடாதீர்கள். ஒன்றரை நிமிட மௌனத்துக்குப் பின் 'பிளட்' வரும், உறையில் பேர் போடாத டிராக். நாடகக் கொட்டகைப் பியானோவில், டாக்டர்களுக்கு எவ்வளவு ரத்தம் கொடுத்தாலும் போதவில்லை என்று நோயாளி கேலியாகப் பாடுவது. மௌனம் என்று நினைத்து வால்யூமை ஏற்றி வைத்திருந்தால் தூக்கிவாரிப் போடும்.

அதற்கும் மேல் ஆர்வமிருந்தால் 2016 பதிப்பில் முன்வரைவுகள் இருக்கின்றன. 'தி ஃபைவ் ஆஃப் அஸ் ஆர் டையிங்' என்பது ஐந்தாவது டிராக்கின் பழைய வடிவம். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால், அப்பாவும் பேண்டு செட்டும் பாட்டுக்குள் வருவதற்கு முன் அது எப்படி இருந்தது என்று தெரியும்.